கீரை கழுவ இயந்திரம் வாங்கினோம்

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்கா நேராக என் கைப்பேசிக்கே அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தங்கச்சி, உங்க கீரையில மண்ணு. சாப்பிட்ட அங்கிள் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே கல்லாவுக்கு வந்துட்டாரு. இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா உங்க லோரி இந்தப் பக்கமே வர வேணாம் லா."

கிள்ளானில் உள்ள எங்கள் சிறிய தொழிற்சாலையில், உணவுக் கடைகளுக்காகக் காய்கறியைக் கழுவி, நறுக்கி, பையில் அடைத்து அனுப்புகிறோம். எங்கள் வாடிக்கைகளில் பெரியது அந்த அக்காவின் கடைதான். அது கைவிட்டுப் போனால் அந்தத் தெருவிலிருக்கும் மற்ற கடைகளும் யோசிக்கத் தொடங்கிவிடும். கீரையைப் பெண்கள் தொட்டிகளில் கையால் அலசிக்கொண்டிருந்தார்கள். வேலை குவிந்த நாள்களில் முதலில் முங்கிய கீரையின் மண் கடைசியில் முங்கிய கீரையில் ஏறிக்கொண்டது. அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மெஷின் வாங்கிடுவோம். எதுன்னு நீயே பார்த்துச் சொல்லு. நீதானே இதுக்குன்னு படிச்சவ."

உணவுத் தொழில்நுட்பம் படித்தவள் நான். அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டவர். அம்மாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. எங்கள் வீட்டு ஹாலில் என் பட்டமளிப்புப் படம் சாமி படங்களைவிடப் பெரிய சட்டத்தில் தொங்குகிறது. அந்தப் படத்தில் இருப்பவளிடம் முதல் முறையாக ஒருவர் முடிவைக் கேட்டிருந்தார்.

இயந்திரம் விற்கும் கடை பூச்சோங்கில் இருந்தது. தொலைபேசியில் விசாரித்தபோதே விற்பனையாளர், "வாங்க மிஸ், கேரட் போட்டுக் காட்டுறேன்" என்றார். கேரட்டை யார் கழுவினாலும் பளபளக்கும். என் பிரச்சினை கீரை. அப்பாவின் விடுமுறை நாளில் அவருடைய வேனில் இருவரும் முதலில் காய்கறி மொத்த விற்பனைப் பாசாருக்குப் போனோம்.

"அண்ணே, இருக்கிறதுலயே அசிங்கமான கீரையா எடுங்க" என்றார் அப்பா.

கீரைக்காரர் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னாண்ணே, வீட்ல சண்டையா?"

முந்தைய நாள் பெய்த மழையின் சேறு வேரில் அப்பியிருந்த கட்டுகளைப் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

பூச்சோங்கில் முதலாளி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். இரண்டு இயந்திரங்கள் இருந்தன. முதலாவதில் கீரை ஒரு பட்டையில் நகர்ந்து செல்லும். மேலிருந்து தண்ணீர் ஊசி ஊசியாகப் பாயும். இரண்டாவது ஒரு நீண்ட தொட்டி. அடியிலிருந்து காற்றை ஊதுவதால், குளிர்ந்த தண்ணீர் உலையைப் போலக் கொதிக்கும். கீரை அதில் புரண்டு புரண்டு போகும்.

சோதனைக்கு வெள்ளை பேசின்கள் கொண்டுபோயிருந்தேன். இயந்திரத்திலிருந்து வந்த கீரையை நல்ல தண்ணீரில் மறுபடி அலசி, தண்ணீர் தெளியும்வரை காத்திருந்தால் மிச்ச மண் அடியில் தெரிந்துவிடும். பாய்ச்சும் இயந்திரத்தின் பேசின் அடியில் ஒன்றுமே இல்லை. தொட்டி இயந்திரத்தின் பேசினில் மெல்லிய கோடாக மண் படிந்திருந்தது.

முதலாளி கையைத் தட்டினார். "அப்புறம் என்னா? முடிஞ்சது லா!"

"மிஸ் டெஸ்ட் வெச்சாங்க, மெஷின் பாஸ் பண்ணிருச்சு" என்று விற்பனையாளர் சிரித்தார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாய்ச்சும் இயந்திரத்திலிருந்து வந்த இலை ஒன்றைக் கையிலெடுத்தேன். ஈரத் தாளைப் போலத் தொய்ந்திருந்தது. நாங்கள் கழுவிய கீரை அன்றே சட்டிக்குப் போவதில்லை. குளிரறையில் இரவைக் கழித்துவிட்டு மறுநாள்தான் கடைக்குப் போகும். அடிபட்ட இலை அதுவரை தாங்குமா?

"பாஸ், நாளைக்குக் காலைல வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க."

"இன்னிக்குப் போட்டாத்தான் இந்த வெல, பாஸ்" என்றார் விற்பனையாளர் உடனே.

முதலாளி என்னைப் பார்த்தார். பேனா ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. "சரி. நாளைக்குக் காலைல. அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்."

தொட்டி இயந்திரத்தில் மண் எப்படித் தங்கியது என்பதும் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தண்டுகள் வேரோடு சேரும் கணுவை விரித்துப் பார்த்தேன். சேறு அங்கேதான் ஒளிந்திருந்தது. வேரை வெட்டி, தண்டுகளைப் பிரித்து, தொட்டியில் ஒருமுறையும் தண்ணீரை மாற்றி இன்னொருமுறையும் ஓட்டச் சொன்னேன். விற்பனையாளர் பெருமூச்சு விட்டாலும் செய்தார். இந்த முறை பேசின் அடி வெள்ளையாக இருந்தது. இரண்டு இயந்திரங்களின் கீரையையும் தனித்தனிப் பையில் அடைத்து, அடையாளம் எழுதி, கிள்ளானுக்குத் திரும்பியதும் குளிரறையில் வைத்தேன்.

காலையில் முதலாளியின் முன்னால் பைகளைத் திறந்தேன். பாய்ச்சிக் கழுவிய கீரையின் ஓரங்கள் கறுத்திருந்தன. பையின் அடியில் கலங்கிய தண்ணீர் தேங்கி, லேசான வாடையும் வந்தது. இன்னொரு பையிலிருந்து ஒரு தண்டை எடுத்து ஒடித்தேன். 'டக்'கென்று சத்தம் கேட்டது.

முதலாளி அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தண்டைத் தானும் ஒடித்துப் பார்த்தார். பிறகு விற்பனையாளருக்கு அழைத்தார்.

"தம்பி, அந்த மழை மெஷின் வேணாம். கொதிக்கிற மெஷின் போடுங்க, ரெண்டு தொட்டி வெச்சு... என்னாது? நேத்து வெல இன்னிக்கு இல்லையா? எங்க கீரையே ஒரு ராத்திரி தாங்குது, உங்க வெல தாங்காதா?"

விலையும் தாங்கியது.

இயந்திரம் வந்து இறங்கிய பிறகு, தொட்டியில் அலசிக்கொண்டிருந்த பெண்கள் வேரை வெட்டிப் பிரித்துப் போடும் மேசைக்கு மாறினார்கள். "கை காஞ்சு போச்சுடி, மோதிரம் போடலாம்" என்று ஒருவர் கையை நீட்டிக் காட்டினார்.

இயந்திரத்தில் முதன்முதலாகக் கழுவிய கீரையை நானே பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுபோனேன். வேன் ஓட்ட அப்பா வந்தார். அக்கா பையை அங்கேயே பிரித்தார். கீரையை வேகவைத்து, கடைந்து, தாளித்து, முதல் கரண்டியை என் கண் முன்னாலேயே வாயில் போட்டார். மெதுவாக, ஒவ்வொரு பல்லையும் கேட்டுக் கேட்டு மெல்வதைப் போல மென்றார். நான் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுங்கிவிட்டுக் கல்லாவின் பக்கம் திரும்பி, "நாளையிலேர்ந்து கீரை டபுளா எழுது" என்றார். என்னிடம், "நிக்கிற பாரு, தூண் மாதிரி. உக்காரு, சாப்பிட்டுப் போ" என்றார்.

அப்பா அதற்குள் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். கீரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு, பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத மனிதரைத் தட்டிக் கூப்பிட்டார்.

"பாஸ், கீரை சாப்பிட்டீங்களா? எம்மவ மெஷின்ல கழுவுனது. அவதான் பார்த்து எடுத்தா."

அவர் அப்பாவைப் பார்த்தார். பின்னால் நின்றிருந்த என்னையும் பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரை நோக்கிக் கையை உயர்த்தினார்.

"அண்ணே, இங்க கொஞ்சம் கீரை."