காருக்கு வைத்த பொட்டு

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்: எட்டு வயதில் நான் ஒரு காருக்குப் பொட்டு வைத்தேன். வெளியே வைத்திருந்தால் பரவாயில்லை, ஆயுத பூசைக்கு ஊரே வைக்கிறது. நான் உள்ளே வைத்தேன்.

கார் எங்களுடையதல்ல. ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. அதை ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. துரை ரயிலில் பினாங்குக்குப் போயிருந்ததால், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் கார் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. மாமாவுக்கு முன்பு அதை ஓட்டியவருக்கு ஒரே ஒரு கீறலுக்காக வேலை போயிருந்தது. ஆகவே அதன் மேல் எங்கள் நிழல் விழுந்தாலும் மாமா துணியால் துடைப்பார்.

பூசையன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஒரு மணி நேரத்தில் அதையும் துடைத்துவிட்டார். "துரைக்குப் புடிக்காதுலா" என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். ஓட்டுகிறவருக்கு எதிரே நீளமாக ஒரு பலகை, முகம் தெரியும்படி பளபளத்தது. அதில் வட்டமாக இரண்டு மீட்டர்கள். இரண்டு கண்கள் என்றே எனக்குப் பட்டது. நடுவில் நெற்றி, வெறுமையாக. பொட்டில்லாமல் என்னை வாசல் தாண்டவிடாத அம்மாவுக்குப் பிறந்தவள், இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? குங்குமச் சிமிழ் எட்டாத உயரத்தில் இருந்தது. ஆரத்திக்கு மஞ்சளையும் வெற்றிலைச் சுண்ணாம்பையும் கலந்தால் சிவக்கும் என்று தெரியும். உதிராமல் இருக்கட்டும் என்று கெட்டியாகவே குழைத்து அப்பினேன். கார் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் மாமா அதைத் துடைத்தார். பொட்டோடு பலகையின் மெருகும் உரிந்து வந்தது. அடியில் மரம் சிவந்திருந்தது. பதறிப்போய், பூசையில் மிஞ்சிய எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தார். சிவப்பு மஞ்சளானது, அகலமும் ஆனது. காருக்குக் காமாலை வந்தது போலிருந்தது.

"யாரு வேலை இது?"

அம்மாவின் பின்னால் நின்றபடி சொன்னேன்: "கண்ணு ரெண்டும் இருந்துச்சு மாமா. நெத்திதான் சும்மா இருந்துச்சு."

மாமா திட்டவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள், திங்கட்கிழமை, மாலை ரயிலில் துரை வருகிறார்.

அப்பா ரயில்வே பட்டறையில் முதல் வகுப்புப் பெட்டிகளின் மரத்துக்கு மெருகு போடுகிறவர். வந்தார், விரலால் தடவினார். "எலுமிச்சம்பழத்தத் தூரப் போடு, மாப்ளே. பலகையக் கழட்டு."

"கழட்டுறதா? திரும்ப மாட்ட வருமா, அத்தான்?"

"வரலன்னா நீ என்கூடப் பட்டறைக்கு வா."

மாமா திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்த ஓட்டைக்கு என்று மறக்காமலிருக்க, அதே வரிசையில் ஒரு வாழையிலையில் பரப்பினார். மீட்டர்கள் கம்பியில் தொங்கின. கண்கள் பிதுங்கிய அந்த முகத்தைப் பார்த்து நான் அழுதேன். வேறு யாருக்கும் அழ நேரமில்லை.

அப்பா ஸ்பிரிட்டால் பழைய மெருகு முழுவதையும் கழுவி எடுத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டார். மஞ்சள் மங்கியதே தவிரப் போகவில்லை. பொட்டைப் பலகையிலிருந்து எடுக்க முடியாது என்று தெரிந்ததும், பொட்டு மறையும்படி பலகை முழுவதற்கும் சாயம் ஏற்றிக் கருக்கிவிட்டார். பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சில் நனைத்து, பழைய வேட்டித் துணியில் பொதிந்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பிற்பகல் மழையின் ஈரத்தில் மெருகு வெளுத்துப் பூத்தது. திட்டிக்கொண்டே மறுபடி தேய்த்தார். திங்கட்கிழமை மத்தியானம் பலகை பழையபடி காரில் ஏறியது. இலையில் ஒரு திருகாணி மிஞ்சியது. இருவரும் அதைப் பார்க்காதது போல் இருந்துவிட்டார்கள்.

மாலையில் துரையை அவர் வீட்டில் இறக்கிவிட்டு மாமா திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். துரை காரில் ஏறினார். மூக்கைச் சுளித்தார். மூடிக் கிடந்த வண்டி முழுக்க ஸ்பிரிட் வாடை. "மாபோக்?" என்று மலாயில் கேட்டார், குடித்திருக்கிறாயா என்று.

"நீ என்ன சொன்னே?" என்றார் அப்பா.

"சிக்கிட், துவான்னேன். கொஞ்சந்தான் துரைன்னு."

கள்ளுக்கடை இருக்கும் தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவர் மாமா. துரை கொஞ்சம் கத்திவிட்டு, பண்டிகைதானே, இனிமேல் கூடாது என்று விட்டுவிட்டாராம். நான் விடவில்லை. "மாமா, நீங்க குடிப்பீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். மாமா என்னைப் பார்த்து, "ஆமாம்மா, கொஞ்சம்" என்றார். ஒரு வாரம் அவரோடு பேசாமலிருந்து அவரைத் திருத்தப் பார்த்தேன். நிஜத்தைச் சொன்னால் காரைப் பிரித்ததும், அதற்கு முன்னால் என் பெயரும் வெளியே வரும். குடித்தவனைத் துரைக்குப் புரியும், காருக்கு நெற்றி பார்த்தவளைப் புரியாது. இதெல்லாம் எனக்கு எட்டப் பல வருடமாயிற்று.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மெருகப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

மாமா பதில் சொல்வதற்குள், சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா முந்திக்கொண்டாள்: "அவரு பின் சீட்டுல பேப்பர விரிச்சுக்கிட்டு உட்கார்றவரு. முன்னால இருக்கறது மரமா தகரமான்னு அவருக்கு என்னைக்குத் தெரியும்?"