மரியதாசண்ணன் சுற்றிய வேகம்

நேற்று ஒத்திகையில் வயலின்காரப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், “சேர், இந்த இடத்தில ஏன் இவ்வளவு மெதுவா?” எழுபது பேர் வாத்தியத்தோடு காத்திருந்தார்கள். “அது அப்பிடித்தான், வாசியுங்க” என்று கையை உயர்த்திவிட்டேன். அது படுவான்கரையில் பிடித்த வேகம் என்று சொல்லப்போனால் ஒத்திகை நடக்குமா? உங்களுக்குச் சொல்கிறேன்.

சண்டைக் காலம். கல்லடியில் எனக்கொரு பாடகர் குழு. பெண் குரல்கள் எல்லாம் இக்கரை. ஆண் குரல்கள் ஆறும் வாவிக்கு மேற்கே, படுவான்கரை. இடையில் துறை, துறையில் சோதனைச் சாவடி. நான் பெரிய புத்திசாலி அல்லவா, ஆண்கள் பாட வேண்டியதை நானே பாடிக் கசற்றில் பதிந்து அனுப்பினேன். நான் இயற்றிய முதல் பாடல் அது. உயிர்த்த ஞாயிறுப் பூசையில் அதைக் கேட்கக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியை வருகிறார். பிடித்தால் எனக்கு மேற்படிப்பு. பிடிக்காவிட்டால் ஆர்மோனியத்தோடு வகுப்பறையில் கிழவனாக வேண்டியதுதான்.

ஆறு பேரும் சாவடி தாண்டி வந்து சேர, பூசைக்குக் கால் மணித்தியாலம். கோயிலுக்குப் பின்னால் நிறுத்திப் பாடச் சொன்னேன். பெண்கள் தொடங்க, ஆண்கள் சேர்ந்தார்கள் பாருங்க, கடவுளே! சுருதி இறங்கி, பாதி வேகத்தில்.

“என்ன மரியதாசண்ணன் இது?” என்று கத்திவிட்டேன்.

ஆறு பேருக்கும் மூத்தவர், மீன்பிடிக்கிற மனிதர், கோபமே வராது. “கசற்றில கேட்ட மாதிரித்தான் மனே படிச்சம். பற்றரி அங்கால கொண்டுபோக விடுறாங்களா? சைக்கிளக் கவிட்டு வெச்சு டைனமோவில ஓட்டினம். பெடல நாந்தான் சுத்தினன்.”

தோணி வலித்துக் களைத்த கை. அது சுற்றிய வேகந்தான் என் பாட்டின் வேகம். மறுகா என்ன, அவர்களைத் திருத்த நேரமில்லை, பெண்களின் சுருதியை இறக்கினேன். “எல்லாரும் அண்ணனோட போங்க.”

பூசையில் அந்தக் குரல்கள் அடியிலிருந்து எழும்ப, சனம் விம்மத் தொடங்கிவிட்டது. முடிந்ததும் பேராசிரியை, “இந்த வேகம் எப்பிடித் தோணினது?” என்றார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். “யோசிச்சுப் போட்டதுதான் மிஸ்” என்றேன். அண்ணன் சிரித்தார். இடம் கிடைத்தது. நான் நல்ல இசையமைப்பாளன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பொய்தான் இன்றைக்கும் வெட்கம்.

சண்டை முடிந்த பிறகு படுவான்கரைக்குப் போனேன். இப்போது பாலம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. அண்ணன் ஒருநாள் வலை போடப் போனவர், திரும்பவில்லை. அவர் மனைவியிடம் என் பொய்யைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

“அவர்ர குரல எதிலயாவது புடிச்சு வெச்சிருக்கீங்களா மனே?”

“இல்ல அக்கா” என்றேன். எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேரின் பாட்டைப் பதிவு செய்தவன் நான். அவர் பாடியதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை.