கழற்றாத வளையம்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எதையும் சொல்வது என் மனைவிதான். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். இதையும் அவள் சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு நகைப் பட்டறையில் எனக்கு மெருகு போடும் வேலை. இந்த நாட்டில் முற்காலத்தில் வாழ்ந்த கெல்ட் மக்கள் அணிந்த கழுத்து வளையங்களைப் பார்த்து, அதே மாதிரி வெண்கலத்தில் செய்து அருங்காட்சியகக் கடைக்குக் கொடுப்போம். வளையத்தில் கொடி சுருள் சுருளாக ஓடும். கொஞ்சம் திருப்பினால் அந்தக் கொடியே ஒரு முகமாகி விழித்துப் பார்க்கும். அதன் மூக்கோரத்தில் மெருகுப்பசைக் கறுப்பு நிற்காமல் துடைப்பதுதான் கஷ்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அசல் நகைகளைக் காட்ட மனைவியை அந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடந்தன. கழுத்தில் வளையம், கால்களிலும் வளையம். கால் வளையங்கள் சிறுமியாக இருக்கும்போதே போட்டவை, வளர்ந்தபின் கழற்ற முடியாது என்று அங்கே சுற்றிக்காட்டும் அம்மா ஒருவர் விளக்கினார். கழுத்தில் கிடந்ததையும் கழற்றாமலே புதைத்திருக்கிறார்கள். தெய்வத்துக்கா, குடிப்பெருமைக்கா, கலியாணத்துக்கா என்று யாருக்கும் தெரியாதாம். அந்த மக்கள் எழுதிவைக்கவில்லை.

நான் தமிழில் சொன்னதும் மனைவி, "இதிலை தெரியாததுக்கு என்ன கிடக்கு? புருஷன் போட்டிருப்பான். அவவிட்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

எனக்குக் கூச்சம். தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயைத் திறந்தால் முத்துக் கொட்டிப்போடுமோ?"

அந்தக் குளிர்காலம் அவள் கழுத்தில் இருந்த கழலை பெருத்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. வெட்டி எடுக்க மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். தாலிக்கொடியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். ஊரில் என்றால் மஞ்சள் கட்டிய கயிற்றைப் போட்டுவிட்டுக் கொடியைக் கழற்றுவார்கள். இங்கே கழுத்தில் கயிறும் கூடாது.

"அந்தக் கண்ணாடிப் பெட்டிக்காரி செத்தும் கழட்டேல்லை. நான் உயிரோடை கழட்டுறதோ?" என்றாள்.

அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனவனே நான்தானே. குறித்த நாள் போய்விட்டது.

மூச்சு மோசமாகி, இரண்டாவது தடவை குறித்த நாளில் ஒருவாறு வந்து கட்டிலில் படுத்தாள். ஆனால் கொடியில் கைவைக்க விடவில்லை. தாதி நல்ல பிள்ளை. காலில் கட்டிவிடலாமே என்று மனைவியின் கணுக்காலைத் தொட்டுக் காட்டினாள். நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"பொன்னைக் காலிலையோ! இவளுக்கென்ன விசரே?"

"அந்தக் கெல்ட்காரி காலிலையும் போட்டவள்தானே" என்றேன்.

"அது வெண்கலம்!"

தள்ளுகட்டில் வந்துவிட்டது. தாதி மணிக்கூட்டைப் பார்த்தாள். நான் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். மனைவி என்னைக் கிட்ட வரும்படி கையைக் காட்டினாள்.

"குனியுங்கோ."

குனிந்தேன். தானே பூட்டுச் சுரையைத் திருகிக் கொடியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். "சட்டைக்குள்ளை விடுங்கோ. ஆக்கள் சிரிப்பினம்."

அதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு.

எத்தனையோ வளையங்களுக்கு மெருகு போட்டவன், ஒன்றையும் என் கழுத்தில் வைத்துப் பார்த்ததில்லை. நடைக்கூடத்தில் இருந்தபோது கொடி நெஞ்சில் சில்லென்று கிடந்து மெல்லச் சூடாகியது. மருத்துவர் வந்தார். கழலை போய்விட்டது, ஆனால் குரல் நரம்பில் காயம், குரல் திரும்பலாம், திரும்பாமலும் விடலாம் என்றார். நான் தலையாட்டினேன்.

அவள் கண் விழித்ததும் கழுத்தைத் தொட்டாள். மருந்துக்கட்டுத்தான் இருந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. என் சட்டைக் கழுத்தை இழுத்து உள்ளே கொடி கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

காயம் இன்னும் ஆறவில்லை, பாரம் படக்கூடாதாம். அதனால் கொடி என்னிடமேதான் இருக்கிறது. குரலும் வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நடந்தது என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குச் சொல்ல வராது. அதனால் எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு வரியையும் எதிரே இருக்கும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கணுக்கால் வந்த இடத்தில் சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. திகதி போடும்படி இப்போது கையால் காட்டுகிறாள்.

18 பெப்ரவரி 1979, ஞாயிற்றுக்கிழமை