எழில்மொழியின் டிராகன்களும் நாற்பத்திரண்டு உறவினர்களும்

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் பத்திரிகை அச்சடிக்கிற நாகேஸ்வரன் நான். இந்த ஊரில் யாருக்கு யார் சொந்தம் என்பது தாசில்தாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் இருந்தால் சொந்தம், இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சட்டம்.

எழில்மொழி அப்படி இல்லாமல் போனவள். தாய் தகப்பன் போனபிறகு, சித்தப்பா ராஜராஜன் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். அந்த மகாபாதகத்துக்காக அவளைத் தலைமுழுகினார்கள். கூடப்பிறந்த தம்பி இளவழகன் கல்யாணப் பத்திரிகையிலேயே அவள் பெயர் கிடையாது. அதை அச்சடித்த புண்ணியவான் நான்தான்.

அப்போது அவளுக்கு மாடி அறையைக் கொடுத்தவர் தையல்கடை ஜன்னத் பீவி. வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்ற தியாகேசனுக்கும் அங்கேதான் மதியச் சாப்பாடு. மூன்று பேரும் பதினோரு வருஷமாக ஒரே சட்டிக் குழம்பு. எழில்மொழி இ-சேவை மையத்தில் பட்டா விண்ணப்பங்களைத் தட்டுவாள். மிச்ச நேரத்தில் கைபேசியில் நாவல் எழுதுவாள்.

நாவலின் கதை இதுதான்: கூட்டத்தைவிட்டுத் துரத்தப்பட்ட ஐந்து டிராகன்கள், மனிதராக உருமாறி, ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த நெல் கிடங்கில் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. ஆத்திரம் வந்தால் உடம்பில் செதில் முளைக்கும், வாயில் நெருப்பு வரும். எங்கள் ஊரில் செதில் இல்லாமலே அந்த வேலை நடப்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜன்னத் பீவி மட்டும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டார். வெள்ளம் வருகிற கட்டத்தில் தண்ணீர் அளவு தப்பு என்று தியாகேசன் சண்டைக்கு வந்தார்.

சென்னைப் பதிப்பகம் ஒன்று அதைப் புத்தகமாகப் போட்டது. நாளிதழில் அவள் படமும் வந்தது. மறுநாள் காலையிலேயே ராஜராஜனுக்கு ரத்தபாசம் பொங்கிவிட்டது. வெளியீட்டு விழாவைக் குடும்பமே நடத்தும் என்று மண்டபம் பிடித்தார். இத்தனை வருஷம் கழித்துத் தம்பி வாய்திறந்து அக்கா என்று கூப்பிட்டான். அதற்காகவே அவள் சம்மதித்தாள், ஒரே நிபந்தனையோடு. விழாப் பத்திரிகையில் குடும்பம் என்று போடும் இடத்தில் ஜன்னத் பீவியும் தியாகேசனும் இருக்கவேண்டும்.

ராஜராஜன் என்னிடம் கொண்டுவந்த தாளில் நாற்பத்திரண்டு பெயர்கள். தாய்மாமன் முதலா, மூத்த மாப்பிள்ளை முதலா என்று இரண்டு நாள் குத்துவெட்டு. சிங்கப்பூர் சகலைக்குத் தடித்த எழுத்து. அவளைக் கண்ணால்கூடப் பார்த்திராத பொடிசுகள் பெயரில், 'எங்க அத்தை புக் ரிலீசுக்கு மறக்காம வந்துடுங்க' என்று ஒரு மழலை அழைப்பு. புத்தகத்தின் பெயர் எங்கே என்று கேட்டேன். கீழே எங்காவது பொடியாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நாற்பத்திரண்டு பேரில் நாவலைப் படித்தவர் ஒருவர்கூட இல்லை.

ப்ரூஃப் பார்க்கச் சித்தப்பாவோடும் தம்பியோடும் எழில்மொழி வந்தாள். அந்த இரண்டு பெயர்களைத் தேடினாள். இல்லை.

"விழாவுக்கு வரட்டும்மா, யாரு வேணாங்குறா?" என்றார் ராஜராஜன். "பத்திரிகைல போடணும்னா குடும்பமா இருக்கணும்ல."

பக்கத்தில் இளவழகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தடிமாடு.

"அப்ப எம் பேரையும் எடுத்துடுங்க சித்தப்பா."

எழுதினவள் இல்லாமல் எப்படி விழா நடத்துவது என்று ராஜராஜன் குதித்தார், மிரட்டினார், கடைசியில் கெஞ்சினார். அவள் அசையவில்லை. மண்டபத்தையும் சமையல்காரரையும் வேண்டாம் என்று சொல்லக் கிளம்பினார். அவர் கவலையெல்லாம் சிங்கப்பூர் சகலைக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான். இளவழகன் திரும்பிப் பார்க்காமல் அவர் பின்னாலேயே போனான்.

எழில்மொழி என் கடை நாற்காலியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தையல்கடையிலேயே விழா, சின்னதாக ஒரு அட்டை போதும் என்றாள். 'தங்கள் வரவை விரும்பும்' என்று எழுதி, கீழே மூன்று பெயர்களை எழுதினாள். பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க பேரையும் சேத்துக்கட்டுமா?"

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. முப்பது வருஷமாக ஊரார் பெயரையெல்லாம் அடுக்கிய என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அட்டையில் இடம் பத்தாது என்று சொல்லப் பார்த்தேன். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு, நாலு பெயருக்கு அட்டையில் இடம் அளந்தேன்.