நிலாவுக்குப் போகும் கட்சி

தம்பி மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு, மூத்தவன் என்பதால் என்னிடம் வந்தது. அச்சகத்தார் நான்கு பக்கம் என்றார்கள். இப்போது மூன்று என்கிறார்கள். எதை விடுவது என்ற கவலையோடுதான் எழுதுகிறேன்.

தம்பி நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பத்து அறைகள் வரிசையாக ஒட்டிய லயத்தின் ஆறாவது காம்பராவில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்தவர்கள் ஏழு பேர். தங்கியவர்கள் நாங்கள் இருவர். நான் படித்துக் கணக்கப்பிள்ளை ஆனேன். தம்பியின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஸ்டோர் என்னும் தேயிலை ஆலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடும் வேலை பார்த்தார். ஒருவர் மனம் நோகப் பேசியவர் அல்லர். மேடையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மாசி மாதத்தில் எங்கள் காமன் பொட்டலில் காமனை ஊன்றி, சிவன் அவனை எரிக்கும் கூத்தை ஆடுகிறோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தாத்தாக்கள் கொண்டு வந்த லாவணியும் உண்டு. காமன் எரிந்தான் என்று டேப் என்னும் கைப்பறையைத் தட்டி ஒருவர் பாட, எரியவில்லை என்று மற்றவர் மறித்துப் பாடுவார். எரிந்த கட்சி தம்பி. எரியாத கட்சி பக்கத்து டிவிசன் பெருமாள். இருவரும் மாமன் மச்சான் முறை.

நோட்டன் பிரிட்ஜில் எடுத்த மின்சாரம் எங்கள் லயத்துக் கூரைக்கு மேலே கம்பியில் கொழும்புக்குப் போகத் தொடங்கிய காலம். கீழே எங்களுக்கு மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குதான். அந்த மாசியில் தேவர்களின் தேர் வானத்தில் பறந்ததைத் தம்பி உருகிப் பாடினார். பெருமாள் பாட்டை நிறுத்திக் கேட்டார்:

“மாப்ள, தேரு பறந்துச்சு சரி. எதப் போட்டு எரிச்சாங்க? ஸ்டோரு அடுப்புக்கே நீ வெறகு வெறகுன்னு அலையுற!”

பொட்டலே சிரித்தது.  வீட்டுக்கு வரும் வழியில் தம்பி என்னிடம் சொன்னார்: “மந்திரத்துல பறந்தா அது புராணம்ணே. எத எரிச்சுப் பறந்துச்சுன்னு சொல்லணும். அப்பத்தான் அது நம்ம கதை.”

அதன் பிறகு அவர் பாட்டில் மந்திரம் இல்லை. ஓர் ஆண்டுப் பாட்டில் கொழுந்து பறிக்கும் இயந்திரம் வந்தது. நிறை குறைந்ததென்று கங்காணி அதற்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போட, அது கோபித்துக்கொண்டு மலையிறங்கிப் போயிற்று. அடுத்த ஆண்டு கூரைக்கு மேலே ஓடும் மின்சாரம் வழிதவறி லயத்துக்குள் இறங்கியது. இப்போது பத்திரிகைகளில் விஞ்ஞானக் கதை என்று தலைப்புப் போடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் வருவதற்கு முன்பே கதை வந்துவிட்டது.

ரஷ்யர்கள் செயற்கைச் சந்திரனை விட்ட செய்தியைக் கினிகத்தேனையில் கடை வைத்திருந்த காசிம் நானா பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டினார். வந்த மாசிக்கு, மனிதன் நிலாவுக்குப் போவான், போகமாட்டான் என்று இரண்டு கட்சியாகப் பாடத் தம்பி அனுமதி கேட்டார். கூத்துக்குப் பொறுப்பான தோட்டத் தலைவருக்குப் பிடிக்கவில்லை.

“ஏம்ப்பா, ரதி அழுவுறதப் பாக்க வந்த சனத்த ராக்கெட்டப் பாக்கச் சொல்றியா? சனம் எந்திரிச்சுப் போச்சுன்னா டேப்ப என்கிட்ட குடுத்துறணும். அப்பறம் இந்தப் பொட்டல்ல நீ வாயத் தொறக்கப்படாது.”

“சரிங்க தலைவரே” என்றார் தம்பி.  அந்த ஒரு மாசிக்காகவே ஆண்டு முழுவதும் விறகு சுமந்தவர் அவர்.

பொழுது சாய்ந்ததும் தொடங்கினார்கள். நான் எழுந்து போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோராவது ஆள் எழுந்தபோது தலைவர் டேப்பைப் பார்த்தார். அப்போது பெருமாள் கேட்டார்:

“மாப்ள, ஒன் ராக்கெட்டு எத எரிச்சாவது போவட்டும். எறங்குனதும் அங்க கந்தோர்ல கேப்பானே, ஒங்க அப்பன் எங்க பொறந்தான், துண்டு எங்கன்னு? இங்க பொறந்து இங்க வளந்த நமக்கே துண்டு இல்ல. நெலாவுல யாரு குடுப்பா?”

சுதந்திரம் வந்த ஆண்டே எங்கள் பிரசாவுரிமை போனது. கந்தோர் என்னும் அரசு அலுவலகம் கொடுக்கும் அந்தப் பிரசாவுரிமைத் துண்டு பொட்டலில் இருந்த ஒருவரிடமும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. போகப் புறப்பட்டவர்கள் நின்றார்கள். தம்பி டேப்பைத் தட்டாமல் பேச்சாகவே சொன்னார்:

“மச்சான், மொதல்ல போறவன்கிட்ட துண்டு கேக்க அங்க ஆளு இல்ல. காட்ட வெட்டித் தேயில நட்டப்ப நம்ம தாத்தன்கிட்டயும் யாரும் கேக்கல. பின்னால வர்றவன்தான் கேப்பான். அதனால நெலாவுல எறங்குனதும் மொத வேல, கந்தோரத் தொறந்து மேசையில நாம உக்காந்துக்கிறது!”

பொட்டல் அதிர்ந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து, “எனக்கு ஒரு துண்டு எழுதுங்கண்ணே!” என்று ஒரு குரல். எழுந்த பதினோரு பேரில் ஒன்பது பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். “வர்ற வருசமும் பாடட்டும். ஆனா மொதல்ல காமன எரிச்சுருங்க” என்றார்.

பிறகு ஆண்டுதோறும் அந்த வாதம் நடந்தது. மனிதன் பூமியைச் சுற்றிவந்த செய்தி வந்தபோது பெருமாளின் கட்சி தளர்ந்தது, அவர் விடவில்லை. நான் அறிந்து சுற்றிலும் ஆறு தோட்டங்களில் இன்று போகும் கட்சி பாடப்படுகிறது.

நெஞ்சுச்சளியால் தம்பி படுத்தபோது, எங்களில் இந்தியாவுக்கு எத்தனை பேர், இலங்கைக்கு எத்தனை பேர் என்று இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். எந்தக் கணக்கில் நாம் வருவோம் என்று நான் புலம்பினேன். நிலாவும் நடவாத காரியம் என்றேன். தம்பி சிரித்தார். “ஒங்க கணக்கு சரிதாண்ணே. ஆனா அது இன்னிக்கிக் கணக்கு.” தை மாதத்தில் கண்ணை மூடினார். இரண்டு நாட்டின் துண்டும் அவரிடம் இல்லை.

துக்கத்தால் சென்ற மாசியில் லாவணி நடக்கவில்லை. போன வாரம் பெருமாள் வந்தார்.

“பெரிய மச்சான், மாப்ள எடம் காலியா கெடக்கப்படாது. இந்த மாசிக்கு நான் போகும் கட்சி. முடியாதுன்னு பாட ஆளு வேணும். தோட்டத்துல ஒங்கள விட்டா முடியாதுன்னு சொல்றவரு யாரு இருக்கா?”

ஒப்புக்கொண்டேன். நோயில் மருந்து கொடுத்த தோட்டத்து டிஸ்பென்சருக்கும், மழையில் பாடை சுமந்த லயத்து உறவுகளுக்கும், கோடித்துணி அனுப்பிய காசிம் நானாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. பெருமாளுக்கான நன்றியைப் பொட்டலில் செலுத்துகிறேன். எனக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் வைத்து, போகமுடியாது என்று பாடுவேன். நான் தோற்பதைப் பார்க்க நீங்கள் எல்லோரும் வர வேண்டும்.