மார்ச் நாலாம் திகதிக் கிணறு

உரும்பிராய்த் தோட்டக்கார ஐயா ஒருவர், இறைப்புக்கு முன் தினமும் காலையில் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதித் தந்தார். அதை நான் பைதன் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி வரைபடமாக்கினேன். மழையே இல்லாத மாதங்களில் கோடு தாறுமாறாக ஏறி இறங்கியது.

"ஐயா, ஒழுங்காத்தான் அளந்தனீங்களோ?" என்று அவரிடமே கேட்டேன். முகம் கறுத்துப்போய் உள்ளே போய்விட்டார்.

பிறகுதான் பிழை பிடிபட்டது. அவர் 4/3 என்று எழுதியது மார்ச் நாலாம் திகதி. நாங்கள் நாளைத்தான் முதலில் எழுதுவோம். அந்த அறிவுகெட்ட பைதன் அதை ஏப்ரல் மூன்றாக்கியிருந்தது. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் 13/3 போன்றவற்றை மட்டும் சரியாக வாசித்ததாம்! ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை. அதை நம்பி ஒரு மனுசனைப் பொய்யனாக்கிவிட்டேன்.

நாள்தான் முதலில் என்று நிரலில் ஒரு சொல் சேர்த்தேன். கோடு ஒழுங்காக இறங்கியது. மன்னிப்புக் கேட்கப் போனபோது ஐயா கொப்பியை என் கையில் திணித்தார்.

"இந்தாரும் தம்பி. இனி உம்மடை மிசினே வந்து அளக்கட்டும்."