மாட்டு ரயிலில் அண்ணன் ஏற்ற பழி

பேராவூரணிப் பக்கம் பிறந்து, அங்கேயே கண்மூடிய என் அண்ணனைப் பற்றி அலங்காரமாக எழுத எனக்கு வராது. இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் அவரைக் கல்நெஞ்சர் என்றவர்கள். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எழுபதுகளில், ரயில்வே உத்தியோகம் என்று சொல்லி ஏஜென்ட் எங்கள் இருவரையும் சவுதிக்கு அனுப்பினான். போனால் மாட்டு வேகன். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் நாள்கணக்கில் நடத்தி, ரயிலேற்றி, கப்பலேற்றிய மாடுகள் தம்மாம் துறைமுகத்தில் எலும்பும் தோலுமாக இறங்கும். அவற்றை மீண்டும் ரயிலில் அடைத்து ரியாத்துக்குக் கொண்டுபோனோம். வழியில் விழுந்த மாட்டை மற்றவை மிதித்தே கொன்றுவிடும். வாலை முறுக்கி உடனே எழுப்ப வேண்டும். ஆனால் முதலாளி திருட்டுக்குப் பயந்து கதவுகளுக்கு ஈய சீல் வைத்தான். ரியாத் வரை திறக்கக்கூடாது.

ஒரு கோடையில், ஹுஃபூஃப் நிலையத்தில் பாசஞ்சர் வண்டிக்கு வழிவிட எங்களை நடுப்பகலில் ஓரங்கட்டினார்கள். உள்ளே மாடுகள் கதறின. சீலை உடைக்க நான் கல்லை எடுத்தேன்.

"டேய், தொடாதடா! அடுத்த வாரம் நான் லீவுல போவணும்."

"மாடு சாவுதுண்ணே, காது அடச்சிப்போச்சா ஒனக்கு?"

உடைத்தேன். அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே உள்ளே ஏறி, விழுந்தவற்றை எழுப்பினார். நான் தண்ணீர் காட்டினேன்.

ரியாத்தில், சீலை உடைத்தது யார் என்று சூப்பர்வைசர் கேட்டான். நான் வாய் திறக்குமுன் அண்ணன், "நான்தான் பாய்" என்றார்.

"அச்சா. லீவ் மாஃபி. கலாஸ்!" லீவு கிடையாது, பேச்சு முடிந்தது.

முகமே பார்க்காத மகளுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்துதான் அண்ணன் லீவு வாங்கியிருந்தார். பாஸ்போர்ட் கஃபீலின், அதாவது எங்களைப் பொறுப்பெடுத்த முதலாளியின், அலமாரியில் கிடந்தது. குழந்தை இறந்த தந்தி வந்த அன்றும் மாடு ஏற்றினோம்.

"சீல ஒடச்சது நீன்னு ஒங்கண்ணிக்குத் தெரிஞ்சா ஒன்ன வீட்டுக்குள்ள சேக்கமாட்டா. வாய மூடிட்டுக் கெட" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. "துட்டு ருசி கண்டவன், புள்ள சாவுக்குக்கூட வரல" என்று, ஊர் திரும்பிய அவர் காதுபடவே பேசினீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றேன்.

படுக்கையில் கிடந்த அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் நன்றி. பழி சொன்னவர்களுக்கு நன்றி கிடையாது.

அண்ணி, முதல் பிரதி உங்களுக்கு. நீங்கள் படித்து முடிக்கும்வரை தெருவில் நிற்கிறேன். கூப்பிட்டால் வருகிறேன்.